ஆரக்கிளோடு இணைய சர்வரில் எதை நிறுவுவது: முழு கிளையன்டா, இன்ஸ்டன்ட் கிளையன்டா, தின் டிரைவரா?

அப்ளிகேஷன் ஒரு லினக்ஸ் சர்வரில் ஓடுகிறது. டேட்டா இன்னொரு மெஷினில் ஆரக்கிள் டேட்டாபேஸில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கிளையன்ட் சாஃப்ட்வேராக நடுவே என்ன வேண்டும் என்ற கேள்விக்குப் பல இடங்களில் பழக்கம்தான் பதில் சொல்கிறது. பழைய சர்வரில் முழு கிளையன்ட் இருந்தது, ஆகவே புதியதிலும் அதே ஒன்றிரண்டு ஜிபி சாஃப்ட்வேர், அதே ரெஸ்பான்ஸ் ஃபைல், அதே தனி யூசர். அதில் பெரும்பகுதியை அப்ளிகேஷன் தொடக்கூடப் போவதில்லை. பேட்ச் போடும் வேலை மட்டும் ஆண்டுக்கு நான்கு முறை வந்து நிற்கும்.

வழிகள் மூன்று. ஒன்று, இன்ஸ்டாலர் வைத்துப் போடும் முழு ஆரக்கிள் கிளையன்ட். இரண்டாவது, சில லைப்ரரி ஃபைல்களை மட்டும் கொண்ட இன்ஸ்டன்ட் கிளையன்ட். இது 10ஜி காலத்திலிருந்தே இருக்கிறது, இலவசம். மூன்றாவது, கிளையன்ட் லைப்ரரியே இல்லாமல் ஆரக்கிளின் நெட்வொர்க் புரோட்டோகாலை டிரைவரே நேரடியாகப் பேசுகிற தின் முறை. தின்னில் ஆரம்பியுங்கள். அது நடக்காது என்று சொல்லக் குறிப்பான ஒரு காரணம் கையில் இருந்தால் இன்ஸ்டன்ட் கிளையன்டுக்கு வாருங்கள். நீங்கள் வாங்கிய ஏதோவொரு டூல் முழு கிளையன்டைத்தான் கேட்கிறது என்றால் மட்டும் அதைத் தொடுங்கள்.

அந்தக் குறிப்பான காரணங்கள் என்னென்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டிபிஏவிடம் (டேட்டாபேஸை நிர்வகிப்பவரிடம்) முதலில் கேட்க வேண்டியவை

முதலில் டேட்டாபேஸின் வெர்ஷன். கிளையன்ட் 19 என்றால் 11.2 முதல் மேலே எல்லா டேட்டாபேஸோடும் பேசும். கிளையன்ட் 21க்கு டேட்டாபேஸ் 12.1 ஆவது இருக்க வேண்டும். கிளையன்ட் 23 இன்னும் கறார்: 19க்குக் கீழே உள்ள டேட்டாபேஸை அது ஏற்காது. "புதியதுதானே நல்லது" என்று 23ஐ இறக்கிவிட்டு, மூலையில் ஓடும் ஒரு 12.2 டேட்டாபேஸோடு இணைய முடியாமல் தவிப்பது அடிக்கடி நடக்கிறது. பல வயது டேட்டாபேஸ்கள் கலந்து கிடக்கும் இடத்தில் கிளையன்ட் 19தான் பாதுகாப்பான தேர்வு. பைத்தானின் தின் முறைக்குக் குறைந்தபட்சம் 12.1 வேண்டும். 11.2 ஒன்று இருந்தாலும் அந்த இணைப்புக்கு இன்ஸ்டன்ட் கிளையன்ட் கட்டாயம்.

அடுத்தது நெட்வொர்க் குறியாக்கம். ஆரக்கிளில் இது இரண்டு விதமாக அமையும். ஒன்று டிஎல்எஸ், இதைத் தின் டிரைவர்கள் ஆதரிக்கின்றன. இன்னொன்று ஆரக்கிளுக்கே உரிய நேட்டிவ் நெட்வொர்க் என்க்ரிப்ஷன். ஜாவாவின் தின் டிரைவருக்கு இது தெரியும். பைத்தானின் தின் முறைக்குத் தெரியாது. நெட்வொர்க் அமைப்புகளை வைத்திருக்கும் சர்வர் பக்கத்து எஸ்க்யூஎல்நெட்.ஓரா ஃபைலில் இது ரெக்வயர்ட் (கட்டாயம்) என்று இருந்தால் பைத்தான் தின் டிபிஒய்-3001 என்று மறுத்துவிடும், விஷயம் உடனே வெளிச்சத்துக்கு வரும். ஆபத்து ரெக்வஸ்டட் (முடிந்தால் மட்டும்) என்ற அமைப்பில்தான். அங்கே இணைப்பு கிடைத்துவிடும், ஆனால் குறியாக்கம் இல்லாமல். முன்பு குறியாக்கத்தோடு ஓடிய அப்ளிகேஷனைத் தின்னுக்கு மாற்றியதும் பாஸ்வேர்ட் தவிர்த்த மொத்த டேட்டாவும் திறந்தபடி போகும், எந்த எச்சரிக்கையும் வராது. மாற்றும் முன்பும் பின்பும் வி$செஷன்_கனெக்ட்_இன்ஃபோ வியூவில் நெட்வொர்க்_சர்வீஸ்_பேனர் வரிகளைப் பாருங்கள். ஏஇஎஸ்256 போன்ற அல்காரிதத்தின் பெயரோடு ஒரு வரி இருந்தால் அந்த செஷன் குறியாக்கத்தில் ஓடுகிறது.

பாஸ்வேர்ட் எந்த வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். டிபிஏ_யூசர்ஸ் வியூவில் பாஸ்வேர்ட்_வெர்ஷன்ஸ் என்ற நெடுவரிசையில் '10ஜி' மட்டும் இருந்தால், அது பல மைக்ரேஷன்களைத் தாண்டி வந்த பழைய அக்கவுன்ட். பைத்தான் தின் அதை டிபிஒய்-3015 என்று திருப்பி அனுப்பும். இதற்காக ஓடிப்போய் இன்ஸ்டன்ட் கிளையன்ட் போட வேண்டியதில்லை. சர்வர் புதிய வடிவங்களை அனுமதிக்கிறதா என்று டிபிஏ உறுதி செய்துவிட்டு, அந்த யூசரின் பாஸ்வேர்டை மறுபடி அமைத்தால் 11ஜி, 12சி வடிவங்கள் உருவாகிவிடும். பழைய வடிவத்தை விட்டொழிக்க இது நல்ல சந்தர்ப்பமும்கூட.

கடைசியாக, அப்ளிகேஷன் எந்த மொழியில், எந்த டிரைவரில் இருக்கிறது? ஜாவாவுக்கு இந்தக் கேள்வியே எழாது: ஜாவா 8க்கு ஓஜேடிபிசி8, ஜாவா 11க்கும் மேலே ஓஜேடிபிசி11, ஒரே ஜார் ஃபைல். டாட்நெட்டுக்கு மேனேஜ்டு ஓடிபி.நெட், அதன் கோர் பதிப்பு இரண்டும் கிளையன்ட் இல்லாமலே இயங்கும். பைத்தானில் பழைய சிஎக்ஸ்_ஆரக்கிள் கிளையன்ட் லைப்ரரி இல்லாமல் நகராது. 2022ல் அதன் இடத்துக்கு வந்த பைத்தான்-ஆரக்கிள்டிபி இயல்பாகவே தின். நோட் டிரைவரில் 6.0 முதல் தின் உண்டு. பிஎச்பியின் ஓசிஐ8, பெர்லின் டிபிடி ஆரக்கிள், கோ மொழியின் கோட்ரார், சி மொழியில் ஓசிஐ வைத்து எழுதியவை, ஓடிபிசி வழியாக வரும் எல்லாமே நேட்டிவ் லைப்ரரி கேட்பவை. இவற்றுக்குத் தின் பற்றி யோசிக்காமல் நேராக இன்ஸ்டன்ட் கிளையன்டுக்குப் போகலாம்.

தின்: எதை இழக்கிறோம்

நிறுவுவதற்கு பிப் கட்டளை ஒன்று போதும். கன்டெய்னர் இமேஜ் 200 எம்பிக்கு மேல் குறையும். அதற்கு ஈடாக விட்டுக்கொடுப்பது பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு விஷயத்தைத் தவிர: பைத்தான் தின் முறை, டேட்டாபேஸ் முகவரிகளின் பட்டியலான டிஎன்எஸ்நேம்ஸ்.ஓராவைப் படிக்கும், எஸ்க்யூஎல்நெட்.ஓராவைப் படிக்கவே படிக்காது. டைம்அவுட், கீப்அலைவ் எல்லாம் அந்த ஃபைலில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். தின்னுக்கு மாறியதும் அவை ஓசையில்லாமல் செயலிழந்துவிடும். அவற்றைக் கனெக்ட் ஸ்ட்ரிங்குக்கோ கோடுக்கோ கொண்டுவர வேண்டும். குறிப்பாக, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இடையிடையே சோதிக்கும் எக்ஸ்பயர்_டைம். நடுவிலுள்ள ஃபயர்வால் சும்மா கிடக்கும் இணைப்புகளை அரை மணியில் வெட்டுவதாக இருந்தால் இதை 10 நிமிடம் என்று வையுங்கள். இல்லையென்றால் இரவெல்லாம் பூலில் (திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பில்) தூங்கிய இணைப்புகள் காலையில் முதல் ரெக்வஸ்ட்டில் உறைந்து நிற்கும்.

பைத்தானில் ஒரே பிராசஸில் தின்னையும் திக்கையும் (கிளையன்ட் லைப்ரரி வழியாகப் பேசும் முறை) கலக்க முடியாது. திக் வேண்டுமென்றால் முதல் இணைப்பைத் திறக்கும் முன்பே கிளையன்டைத் துவக்கும் ஃபங்ஷனை அழைத்துவிட வேண்டும். அப்ளிகேஷன் கன்டின்யூட்டி (இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடர வைக்கும் வசதி) தேவைப்படும் பைத்தான் அப்ளிகேஷன்கள் திக் முறையிலேயே இருக்கட்டும்.

இன்ஸ்டன்ட் கிளையன்ட்: பெரும்பாலான தொல்லைகள் லைப்ரரியைக் கண்டுபிடிப்பதில்

இதில் பேஸிக், பேஸிக் லைட் என்று இரண்டு உண்டு. லைட்டில் எரர் செய்திகள் ஆங்கிலத்தில் மட்டும் வரும். கேரக்டர் செட்களும் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஆரக்கிளின் யூனிகோட் கேரக்டர் செட்டான ஏஎல்32யுடிஎஃப்8 இருக்கிறது. டேட்டாபேஸ் யூனிகோடில் இருந்தால் கன்டெய்னருக்கு லைட் போதும். எஸ்க்யூஎல் பிளஸ், டேட்டா பம்ப் உள்ள டூல்ஸ், ஓடிபிசி, எஸ்டிகே ஆகியவை தனித்தனிப் பேக்கேஜ்கள். எதைச் சேர்த்தாலும் பேஸிக் எந்த வெர்ஷனோ அதே வெர்ஷனாக, அதே டைரக்டரியில் விரிக்க வேண்டும்.

ரெட்ஹாட் வகை லினக்ஸில் ஆர்பிஎம் பேக்கேஜை எடுத்துக்கொள்வதே நல்லது. 19.3 முதல் ஆர்பிஎம் தானாகவே, லினக்ஸ் லைப்ரரிகளைத் தேடும் எல்டிகான்ஃபிக் பட்டியலில் லைப்ரரியைச் சேர்த்துவிடுகிறது. ஜிப் என்றால் அதை நாம் செய்ய வேண்டும்: ஆப்ட் டைரக்டரிக்குக் கீழே ஆரக்கிள் என்ற டைரக்டரியில் விரித்து, எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி டைரக்டரியில் ஒரு வரி ஃபைல் வைத்து அதில் அந்தப் பாதையை எழுதி, ரூட்டாக எல்டிகான்ஃபிக் ஓட்டினால் முடிந்தது.

பலர் இந்த இடத்தில் எல்டி_லைப்ரரி_பாத் வேரியபிளை பேஷ் ப்ரொஃபைலில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கையால் ஓட்டினால் வேலை செய்யும். சிஸ்டம்டி சர்வீஸாகவோ கிரானிலோ சுடோ மூலமாகவோ ஓடும்போது அந்த ப்ரொஃபைல் படிக்கப்படுவதில்லை, அல்லது அந்த வேரியபிள் கழற்றி விடப்படுகிறது. "என் டெர்மினலில் ஓடுகிறது, சர்வீஸில் ஓடவில்லை" என்ற புகாரோடு டிபிஐ-1047 (கிளையன்ட் லைப்ரரி கிடைக்கவில்லை என்ற எரர்) வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அந்த மெஷினில் ஆரக்கிள் கிளையன்ட் ஒன்றே ஒன்றுதான் என்றால் எல்டிகான்ஃபிக்கை விடச் சிறந்த வழி இல்லை. இரண்டு வெர்ஷன்கள் இருந்தால் மட்டும் சிஸ்டம்டி யூனிட் ஃபைலில் என்விரான்மென்ட் வரியாக வையுங்கள். பைத்தானில் லிப்_டிர் என்று கோடிலேயே பாதை கொடுப்பது விண்டோஸிலும் மேக்கிலும் போதும். லினக்ஸில் அது மட்டும் போதாது, ஏனென்றால் அந்த லைப்ரரி சார்ந்திருக்கும் மற்ற லைப்ரரிகளைத் தேடும் பாதை பிராசஸ் தொடங்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

பாதை சரியாக இருந்தும் அதே எரர் வருகிறதா? கிளையன்டின் முதன்மை லைப்ரரியான லிப்சிஎல்என்டிஎஸ்எச் ஃபைலின் மீது, அது சார்ந்திருக்கும் லைப்ரரிகளைக் காட்டும் எல்டிடி கட்டளையை ஓட்டி, "நாட் ஃபவுண்ட்" என்று முடியும் வரிகளைத் தேடுங்கள். பெரும்பாலும் லிப்ஏஐஓ இருக்காது. ரெட்ஹாட் 8க்குப் பிறகு கிளையன்ட் 19க்கு லிப்என்எஸ்எல் பேக்கேஜும் தனியாகப் போட வேண்டும். உபுண்டு 24.04ல் ஒரு புதுச் சிக்கல்: லிப்ஏஐஓ பேக்கேஜின் பெயரோடு 't64' ஒட்டிக்கொண்டதுபோல ஃபைலின் பெயரும் மாறிவிட்டது. ஆரக்கிள் தேடுவதோ பழைய பெயரை. பேக்கேஜைப் போட்ட பிறகும் எரர் மாறாததற்குக் காரணம் அதுதான். பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் போட்டால் தீர்ந்தது. ஆல்பைன் இமேஜில் முயல வேண்டாம். அதில் இருக்கும் அடிப்படை சி லைப்ரரி மஸ்ல், இன்ஸ்டன்ட் கிளையன்ட் கேட்பது ஜிலிப்சி. டெபியன் ஸ்லிம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடிபிசியில் இதே கோளாறு வேறு முகத்தோடு வரும். யுனிக்ஸ்ஓடிபிசி "டிரைவர் லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, ஃபைல் இல்லை" என்று டிரைவரின் முழுப் பாதையோடு சொல்லும். போய்ப் பார்த்தால் ஃபைல் அங்கேயே இருக்கும், பெர்மிஷனும் சரியாக இருக்கும். இல்லாதது அந்த ஃபைல் அல்ல, அது சார்ந்திருக்கும் இன்னொரு லைப்ரரி, பெரும்பாலும் லிப்ஓடிபிசிஇன்ஸ்ட். இங்கேயும் எல்டிடிதான் உண்மையைச் சொல்லும்.

இன்ஸ்டன்ட் கிளையன்ட் உள்ள சர்வரில் ஆரக்கிள்_ஹோம் வேரியபிளை வைக்காதீர்கள். அது முழு கிளையன்டுக்கான வேரியபிள். பழைய ப்ரொஃபைலிலிருந்து அது ஒட்டிக்கொண்டு வந்தால் செய்தி ஃபைல்களையும் கான்ஃபிகையும் தவறான இடத்தில் தேட வைக்கும். டிஎன்எஸ்நேம்ஸ்.ஓராவை இன்ஸ்டன்ட் கிளையன்ட் டைரக்டரிக்குள் நெட்வொர்க், அதற்குள் அட்மின் என்ற இடத்தில் வைத்தால் தானாகப் படிக்கும். வெர்ஷன் மாறும்போதெல்லாம் அதை நகலெடுக்க விருப்பமில்லை என்றால் வெளியே ஒரு டைரக்டரியில் வைத்து டிஎன்எஸ்_அட்மின்னில் காட்டுங்கள். சர்வர் ஒன்று, டேட்டாபேஸ் ஒன்று என்றால் அந்த ஃபைலே வேண்டாம்: ஹோஸ்ட், கோலன், போர்ட், சாய்கோடு, சர்வீஸ் பெயர் என்ற ஈஸி கனெக்ட் வடிவம் போதும்.

முழு கிளையன்ட் எப்போது நியாயம்

மூன்று இடங்களில் நியாயம். விண்டோஸில் எஸ்க்யூஎல் சர்வரின் லிங்க்டு சர்வர் வழியாக ஆரக்கிளைப் படிப்பதற்கு ஓஎல்இ டிபி புரொவைடர் முறையாக ரிஜிஸ்டர் ஆகியிருக்க வேண்டும். இன்ஸ்டாலர் அதைச் செய்துகொடுக்கும். வாலட் (சான்றிதழ், பாஸ்வேர்ட் பெட்டகம்), கெர்பரோஸ் (அடையாளச் சரிபார்ப்பு முறை) போன்றவற்றை அந்த சர்வரிலேயே நிர்வகிக்க வேண்டுமானால் அதற்கான கட்டளைகள் அட்மினிஸ்ட்ரேட்டர் வகை நிறுவலில் கிடைக்கும். மூன்றாவது, ஈடிஎல் (டேட்டாவை எடுத்து, மாற்றி, ஏற்றும்) டூல் தயாரிப்பாளரின் சப்போர்ட் பட்டியலில் முழு கிளையன்ட் மட்டுமே இருப்பது. இன்ஸ்டன்ட் கிளையன்டில் ஓடும் என்று தெரிந்தாலும், நாளை ஒரு டிக்கெட் திறக்கும்போது முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அங்கே வாதாடிப் பயனில்லை.

விண்டோஸ் என்றாலே 32 பிட், 64 பிட் பிரச்சினையும் கூடவே வரும். எஸ்எஸ்ஐஎஸ் (எஸ்க்யூஎல் சர்வரின் ஈடிஎல் டூல்) பேக்கேஜை வடிவமைக்கும் டிசைனர் விசுவல் ஸ்டுடியோ 2019 வரை 32 பிட், சர்வரில் பேக்கேஜ் ஓடுவது 64 பிட். எஸ்எஸ்ஐஎஸ் வேலை செய்யும் மெஷினில் இரண்டு கிளையன்டும் தேவைப்பட்டது இதனால்தான். ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டரும் இரண்டு. சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32 பிட். பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும், ஆனால் அதுதான் சரி. லைப்ரரி ஏற்றும்போது எரர் 193 வந்தால் பிட் பொருந்தவில்லை. 126 வந்தால் ஏதோ டிஎல்எல் இல்லை; கிளையன்ட் 19க்கு அது பெரும்பாலும் விசுவல் சி++ 2017 ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்.

தமிழ் டேட்டா இருந்தால்

தமிழில் பெயர், முகவரி சேமிக்கும் அப்ளிகேஷன் என்றால் தேர்வில் இதற்கும் இடமுண்டு. நேட்டிவ் கிளையன்டில், அதன் மொழியையும் கேரக்டர் செட்டையும் சொல்லும் என்எல்எஸ்_லாங் வேரியபிள் அமைக்கப்படாவிட்டால் லினக்ஸில் கேரக்டர் செட் யுஎஸ்7ஆஸ்கி (தமிழ் எழுத்து இல்லாதது) என்று எடுத்துக்கொள்ளப்படும். அப்போது எஸ்க்யூஎல் பிளஸ் வழியாக ஓடும் ஸ்கிரிப்ட்டில் உள்ள தமிழ் எழுத்துகள் கேள்விக்குறி போன்ற மாற்றுக் குறிகளாக மாறியே டேபிளுக்குள் போகும். காட்டுவதில் மட்டும் கோளாறு என்றால் பிறகு சரிசெய்யலாம். உள்ளே போனதே கேள்விக்குறி என்றால் மூல டேட்டாவைத் தேடிப்போவதைத் தவிர வழியில்லை. ஷெல்லிலும் சர்வீஸ் ஃபைலிலும் புள்ளி வைத்து ஏஎல்32யுடிஎஃப்8 என்று அமைத்துவிடுங்கள். ஜாவா, பைத்தான் தின் டிரைவர்களுக்கு இந்த வேரியபிள் தேவையே இல்லை, அவை எப்போதும் யூனிகோடிலேயே பேசும். தின்னுக்கு ஆதரவாக நாம் வைக்கும் வலுவான வாதங்களில் இதுவும் ஒன்று. சரிபார்க்க, சேமித்த பைட்டுகளைக் காட்டும் டம்ப் ஃபங்ஷனை 1016 என்ற வடிவத்தோடு ஓட்டுங்கள். தமிழ் எழுத்தின் பைட்டுகள் 'இ0'வில் தொடங்கினால் சரியாகப் போயிருக்கிறது. 3எஃப் என்று வந்தால் அது கேள்விக்குறி.

யுடிஎஃப்-8ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 'கோ' என்பது மெய்யும் உயிர்க்குறியுமாக ஆறு பைட். பைட் கணக்கில் 100 என்று வரையறுத்த நெடுவரிசையில் 33 குறிகளே அடங்கும். கிளையன்டை எப்படி மாற்றினாலும் இது மாறாது. நெடுவரிசையை கேரக்டர் கணக்கில் வரையறுத்தால்தான் தீரும்.

இணைப்பைச் சோதிக்கும் வரிசை

இன்ஸ்டன்ட் கிளையன்ட் 19ல் இணைப்பைச் சோதிக்கும் டிஎன்எஸ்பிங் கட்டளை கிடையாது. அதற்காக முழு கிளையன்ட் போடுவது வீண். என்சி கட்டளையால் ஆரக்கிளின் வழக்கமான போர்ட் 1521 திறக்கிறதா என்று பாருங்கள், பிறகு எஸ்க்யூஎல் பிளஸால் நுழைந்து பாருங்கள். ஓஆர்ஏ-12154 வந்தால் கோரிக்கை உங்கள் சர்வரை விட்டு வெளியே போகவே இல்லை. பெயரைத் தேடிய ஃபைல் வேறிடத்தில் இருக்கிறது, அல்லது டிஎன்எஸ்நேம்ஸில் முந்தைய என்ட்ரியில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது. ஓஆர்ஏ-12541 என்றால் அந்த போர்ட்டில் லிஸ்னர் (இணைப்புகளை வரவேற்கும் ஆரக்கிள் பிராசஸ்) இல்லை. ஓஆர்ஏ-12514 நல்ல செய்திக்குப் பக்கம்: லிஸ்னர் வரை போயாகிவிட்டது, சர்வீஸ் பெயர் மட்டும் தவறு. ஓஆர்ஏ-12505 வந்தால் சர்வீஸ் கொடுக்க வேண்டிய இடத்தில் எஸ்ஐடி (டேட்டாபேஸ் இன்ஸ்டன்ஸின் பெயர்) கொடுத்திருக்கிறீர்கள். ஜேடிபிசி யுஆர்எல்லில் போர்ட்டுக்குப் பின் கோலன் வந்தால் எஸ்ஐடி, சாய்கோடு வந்தால் சர்வீஸ். ப்ளக்கபிள் டேட்டாபேஸ்களுக்கு (ஒரு பெரிய டேட்டாபேஸுக்குள் இருப்பவை) எப்போதும் சர்வீஸ்தான். ஓஆர்ஏ-21561 வந்தால் நெட்வொர்க்கைத் தோண்ட வேண்டாம், சர்வரின் சொந்தப் பெயரை ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சேருங்கள்.

டேட்டாபேஸ் பக்கம் ஆர்ஏசி (பல சர்வர்களில் ஓடும் ஒரே டேட்டாபேஸ்) என்றால் ஃபயர்வால் கோரிக்கையை எழுதும்போதே கவனம் வேண்டும். ஸ்கேன் முகவரி (அந்த சர்வர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர்) முதல் வரவேற்பு மட்டும்தான். அங்கிருந்து இணைப்பு ஏதோவொரு நோடின் (சர்வரின்) விஐபிக்கு, அதாவது மெய்நிகர் முகவரிக்குத் திருப்பப்படும். ஸ்கேனை மட்டும் திறந்துவிட்டு நோட் விஐபிகளை விட்டுவிட்டால் போர்ட் சோதனை தேறும், லாகின் மட்டும் டைம்அவுட்டில் சாகும். எல்லா விஐபிகளையும் கேட்டு வாங்குங்கள்.

வெர்ஷன் மாற்றும் நாள்

முழு கிளையன்டில் ஓபேட்ச் (பேட்ச் போடும் டூல்), இன்வென்ட்டரி (நிறுவியவற்றின் பதிவு), அந்த நேரத்தில் நிறுத்த வேண்டிய சர்வீஸ்கள் என்று அதற்கு ஒரு மாலை போய்விடும். இன்ஸ்டன்ட் கிளையன்டில் புதியதைப் பக்கத்து டைரக்டரியில் விரித்து, எல்டிகான்ஃபிக் வரியை மாற்றி, சர்வீஸை மறுதொடக்கம் செய்தால் போதும். பின்வாங்குவதும் அதே எளிமை. மறுதொடக்கத்தைத் தவிர்க்கவே முடியாது, ஓடும் பிராசஸ் பழைய லைப்ரரியை மெமரியில் பிடித்துக்கொண்டே இருக்கும். எதைப் பிடித்திருக்கிறது என்பதை ப்ராக் டைரக்டரியில் அந்தப் பிராசஸ் எண்ணுக்குக் கீழுள்ள மேப்ஸ் ஃபைலில் காணலாம்.

பழைய கிளையன்டை அழிக்கும் முன், அதை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள் என்று டேட்டாபேஸையே கேளுங்கள். வி$செஷன்_கனெக்ட்_இன்ஃபோவில் கிளையன்ட்_வெர்ஷன், கிளையன்ட்_டிரைவர் என்ற இரண்டு நெடுவரிசைகள் உண்டு. வி$செஷனோடு இணைத்து மெஷின் பெயர் வாரியாகப் பாருங்கள். வார இறுதி, மாதக் கடைசி ஜாப்கள் ஓடும் நாட்களிலும் ஒருமுறை பாருங்கள். மறந்துபோன கிரான் ஸ்கிரிப்ட் ஒன்று அப்போதுதான் தலைகாட்டும்.